சவத்துணியும் சாட்சியமும்

அன்புள்ள ஐயா,

அம்மா தினமும் செபமாலை சொல்லும் இடத்தில், இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும், இத்தாலியின் தூரின் நகரச் சவத்துணியில் தெரியும் இயேசுவின் முகப்படம் மாட்டியிருக்கிறது. அந்தத் துணி பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கார்பன் சோதனை சொல்லிவிட்டதாகக் கல்லூரியில் படிக்கும் என் மகன் சொன்னதிலிருந்து என் மனம் அலைபாய்கிறது. அந்தச் சோதனையை நம்பலாமா? நம்பினால் விசுவாசம் என்னாகும்? ஆதாரம் கேட்பதே பாவமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நம்பலாம் என்பதே என் பதில். 1988இல் துணியின் ஒரு மூலையிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டுகளை ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே சோதித்தன. அந்தத் துணியின் நார் ஆளிச்செடியிலிருந்து வந்தது; செடியை அறுத்த நாளோடு அது காற்றிலிருந்து கார்பனை எடுப்பது நின்றுவிடுகிறது. அதன்பின் நாரில் எஞ்சியிருக்கும் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் சீராகக் குறைந்துகொண்டே வருவதால், மிச்சத்தை அளந்து வயதைக் கணக்கிடலாம். கிடைத்த விடை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலம். துண்டுகள் பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற மறுப்பு உண்டு. அந்த மறுப்பை ஏற்கப் போதிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் மகனும் நீங்களும் சேர்ந்து அறியவேண்டிய செய்தி இன்னும் பழையது. அந்தத் துணி பிரான்சின் லிரே என்ற சிற்றூரில் மக்களுக்குக் காட்டப்பட்டு வந்த காலத்தில், 1389இல், அப்பகுதியின் ஆயர் பியேர் தார்சி, அவிஞ்ஞோன் நகரிலிருந்து எதிர்-திருத்தந்தையாக ஆண்ட ஏழாம் கிளமெண்டுக்கு ஒரு முறையீடு எழுதினார். தமக்கு முன்பிருந்த ஆயர் விசாரித்ததாகவும், அதை வரைந்த ஓவியனே உண்மையை ஒப்புக்கொண்டதாகவும், காணிக்கைக்காக மக்கள் ஏமாற்றப்படுவதாகவும் அதில் சொல்லியிருந்தார். கார்பன் சோதனைக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் ஆயர் தம் மக்கள்மேல் கொண்ட அக்கறையினால் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தை விசுவாசத்தின் ஒரு கடமையாகவே நான் பார்க்கிறேன். 1998இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், இத்தகைய கேள்விகளில் தீர்ப்புச் சொல்லும் தனித்தகுதி திருச்சபைக்கு இல்லை என்று கூறி, ஆய்வை அறிவியலாளரிடமே விட்டார்.

ஆதாரம் கேட்பது பாவமா என்ற கேள்விக்கு யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ஆணிகளின் தழும்பில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன தோமாவை மற்றச் சீடர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள்களுக்குப் பிறகும் அவர் அவர்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறார். இயேசு வந்ததும் முதலில் அவர்கள் எல்லாருக்கும் அமைதி கூறுகிறார், பிறகு தோமா கேட்டபடியே கைகளைக் காட்டுகிறார். காணாமல் நம்புவோரின் பேறு அதற்குப் பின்தான் பேசப்படுகிறது. உயிர்த்தெழுதலை எந்த ஆய்வகமும் அளக்க முடியாது. அதை நாம் சாட்சிகளின் சொல்லைக் கொண்டே நம்புகிறோம். சாட்சியத்தின்மேல் நிற்கும் ஒரு சமயம், பொய்ச்சாட்சியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது.

அம்மாவின் படத்தைக் கழற்றாதீர்கள். 1390இல் கிளமெண்டு அந்தத் துணியைக் காட்ட அனுமதித்தார். ஆனால் அது உண்மையான சவத்துணி அன்று, அதன் சாயலே என்று சொல்லிக் காட்டவேண்டும் என்றார். உங்கள் மகனிடமும் அப்படியே சொல்லுங்கள்.

அன்புடன்.