ஐந்தாம் பக்கத்தில் விடிந்துவிட்டது!

கேள்வி: 24 மணி நேரத்தில் 24 பக்கக் காமிக்ஸ் வரையும் சவாலில் இறங்கினேன். முதல் ஐந்து பக்கத்துக்கே 14 மணி நேரம் போய்விட்டது. நடுவில் கொஞ்சம் தூங்கியும் விட்டேன். பிறகு பதறிப்போய் அள்ளித் தெளித்த கோலமாகக் கிறுக்கியும் 19ஆம் பக்கத்தில் நேரம் முடிந்தது. பொறுமையாக வரைந்தால் முடிவதில்லை, வேகமாக வரைந்தால் பார்க்கச் சகிக்கவில்லை. எதை விடுவது?
- ஒரு வாசகர்

பதில்: எதையும் விட வேண்டாம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 19 பக்கத்துக்காக வருத்தப்படாதீர்கள். 1990இல் அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட், தன் நண்பரும் ஓவியருமான ஸ்டீவ் பிஸ்ஸெட்டுடன் தொடங்கிய சவால் இது. தோற்பவர்களுக்கும் இதில் மரியாதையான இடம் உண்டு. நேரம் முடிந்ததும் கதையை அங்கேயே முடித்துக்கொள்வதற்கு எழுத்தாளர் நீல் கெய்மனின் பெயரையும், நேரம் தாண்டினாலும் 24 பக்கத்தை முடித்தே எழுவதற்குக் காமிக்ஸ் ஓவியர் கெவின் ஈஸ்ட்மனின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கெய்மன் கட்சி.

இனி விஷயத்துக்கு வருவோம். கதையையோ ஸ்கெட்ச்சையோ முன்கூட்டியே தயார் செய்யக்கூடாது என்பது விதி. அதனாலேயே பலர் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் நேராக முதல் பக்கத்தில் பாய்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பொறுமை தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். முதல் இரண்டு மணி நேரம் நல்ல தாளைத் தொடாதீர்கள். சாதாரணத் தாளில் பக்கத்துக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவுக்கு 24 கட்டம் போட்டு, எந்தப் பக்கத்தில் யார், என்ன நடக்கிறது என்று குச்சி மனிதர்களை வைத்தே முழுக்கதையையும் ஓட்டிப் பாருங்கள். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இன்னொரு இரண்டு மணி நேரம் கழித்தால், மீதி 20 மணி நேரத்தில் பக்கத்துக்கு 50 நிமிடம் கிடைக்கும். தாராளமான நேரம்தான். கை மெதுவாக ஓடுவதால் நேரம் போவதில்லை. அடுத்து என்ன வரைவது என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசிப்பதில்தான் போகிறது.

அந்த 50 நிமிடத்தையும் பக்கத்தில் வரும் எல்லாப் படக் கட்டத்துக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பாதி நேரத்தை அதற்கே கொடுங்கள். ஒருத்தி கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாள் என்றால், அவள் புருவமும் தாளைப் பிடித்திருக்கும் விரல்களும்தான் அந்தப் பக்கம். அங்கே நிதானமாக வரையுங்கள். அவள் நடந்து வருவது, கதவைத் திறப்பது எல்லாம் வெறும் நிழலுருவமாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அறையை ஒருமுறை முழுசாகக் காட்டிவிட்டால், அடுத்த கட்டங்களுக்கு ஜன்னலின் ஓரம் மட்டும் போதும்.

இன்னொன்று, வசனத்தை முதலில் எழுதுங்கள். படத்தை முடித்துவிட்டு வசனம் எழுதும் பலூனுக்கு இடம் தேடினால், அரை மணி நேரம் மெனக்கெட்டு வரைந்த அலமாரியின் மேல்தான் அது வந்து உட்காரும். பலூனைப் போட்டுவிட்டால் கட்டத்தில் கால்வாசி இடம் போய்விடும், வரைய வேண்டியதும் அந்த அளவுக்குக் குறையும்.

ரப்பரைக் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள். பென்சிலில் உடம்பின் சாய்வையும் தலை இருக்கும் இடத்தையும் மட்டும் குறித்துவிட்டு, முகத்தைப் பேனாவிலேயே போடுங்கள். ஈரம் காயுமுன் கை பட்டால் கோடு இழுகிவிடும். அது காய்வதற்குள் அடுத்த பக்கத்துக்கான வசனத்தை எழுதிவிடலாம்.

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வேறு வேறு ஆள் வரைந்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தால், முதல் பக்கத்திலிருந்தே கோடுகளைக் குறைத்துப் போடுங்கள். சட்டைப் பொத்தானெல்லாம் வேண்டாம். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எப்படி வரைவீர்களோ, அந்த எளிமையிலேயே தொடங்குங்கள். கதையின் முடிவைப் போடும் கடைசிப் பக்கத்தை மட்டும், கை ஓயும்வரை காத்திருக்காமல், பாதி வழியிலேயே வரைந்து எடுத்து வைத்துவிடுங்கள்.