480 விவசாயிகளா, 24 ஊர்களா?

வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆய்வு மாணவி. வெண்ணாறு, காவிரி இரண்டு பாசனத்திலும் சேர்த்து 24 ஊர்கள், ஊருக்கு 20 பேர் என்று 480 விவசாயிகளிடம் சம்பா மகசூல் விவரம் வாங்கியிருக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் (SPSS) மென்பொருளில் ரெக்ரஷன் போட்டதில், வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை ஊர்களில் மகசூல் குறைவு என்று வந்தது. விவசாயி, ஊர் என்று மட்டம் பிரித்துக் கணக்கிடும் மல்டிலெவல் மாடல் இல்லாமல் இது நிற்காது என்கிறார் நெறியாளர். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்க வேண்டுமா, அல்லது பணம் கொடுத்து யாரிடமாவது போட்டு வாங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

நெறியாளர் சொல்வது சரி. ஒரே ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் ஒன்று, முறைத்தண்ணீர் ஒன்று, பெரும்பாலும் மண்ணும் ஒன்று. அவர்கள் 20 பேரின் பதிலில் 20 பேருக்கான தகவல் இருக்காது. மகசூல் வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள பங்கை ஐசிசி என்பார்கள். அது 0.15 என்று வைத்துக்கொண்டால், ஊருக்கு 20 பேர் என்பதால் பெருக்கம் 1 + (20 − 1) × 0.15 = 3.85. 480-ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 125 பேர்தான் தேறுகிறார்கள். கடைமடை என்பதோ ஊரின் குணம்; அதற்கு உங்களிடம் இருப்பவை 24 ஊர்கள் மட்டுமே. சாதாரண ரெக்ரஷன் அதை 480 என்று எண்ணிக்கொள்வதால், விளைவே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு பொய்யாகச் சிறுத்துவிடும்.

மென்பொருளுக்கு முன் தரவைப் பாருங்கள். 'மாவுக்கு 12 மூட்டை' என்று எழுதியிருக்கிறீர்களா? 3 மா ஒரு ஏக்கர். அது வியாபாரிக்குப் போடும் 60 கிலோ மூட்டையானால் ஏக்கருக்கு 2,160 கிலோ. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பமானால் 1,440 கிலோ. ஊருக்கு ஒருவர் என்று ஆள் வைத்துக் கேட்டிருந்தால் ஆபத்து அதிகம். ஒருவர் மூட்டையிலும் இன்னொருவர் சிப்பத்திலும் எழுதிய பிழை அப்படியே ஊர் வேறுபாடாக வேடம் போட்டு ஐசிசியை ஏற்றிவிடும். எந்த மாடலும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. படிவங்களை எடுத்து ஊர் ஊராகச் சரிபாருங்கள்.

எஸ்பிஎஸ்எஸ்ஸிலேயே மல்டிலெவல் மாடல் போட மிக்ஸ்ட் மாடல்ஸ் என்ற பகுதி இருக்கிறது, வேலை நடக்கும். ஆனாலும் ஆர் கற்கச் சொல்வேன். இலவசம், செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கும். அதில் இந்த மாடலுக்கான எல்எம்இ4 (lme4) தொகுப்பு ஒன்று போதும். பணம் கொடுத்து வாங்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லப்போவது நீங்கள்.

முதலில் வேறு மாறி எதுவும் இல்லாத வெற்று மாடல்: மகசூல் ~ 1 + (1 | ஊர்). அதில் வரும் இரண்டு வேரியன்ஸிலிருந்து (சிதறலின் அளவு; ஊர்களுக்கிடையே ஒன்று, ஊருக்குள் ஒன்று) ஐசிசி கிடைக்கும். பிறகு விவசாயி அளவிலான மாறிகள், கடைசியில்தான் கடைமடை. உரச்செலவு போன்றவற்றில் ஊர்ச் சராசரியைக் கழித்துவிட்டு, அந்தச் சராசரியைத் தனி மாறியாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஊருக்குள் உள்ள விளைவும் ஊர்களுக்கிடையே உள்ள விளைவும் கலந்து ஒரே எண்ணாக வரும்.

வெண்ணாறு, காவிரி என்பதை மூன்றாவது மட்டமாக வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். இரண்டே அலகுகளை வைத்து வேரியன்ஸ் கணிக்க முடியாது. சாதாரண மாறியாகவே சேருங்கள்.

எல்எம்இ4 பி-மதிப்பு தராது, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எல்எம்இஆர்டெஸ்ட் (lmerTest) தொகுப்பைச் சேர்த்து, 24 ஊர்தான் என்பதால், குழுக்கள் குறைவாக இருக்கும்போது பி-மதிப்பைத் திருத்தித் தரும் கென்வர்ட்-ரோஜர் முறையைக் கேளுங்கள். 'சிங்குலர்' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் ஊருக்கு ஊர் சரிவும் (ஒரு மாறியின் விளைவும்) மாறட்டும் என்று தரவு தாங்காததைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சரிவை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'கன்வர்ஜ் ஆகவில்லை', அதாவது கணக்கு ஒரு விடையில் நிலைக்கவில்லை என்றால் நிலப்பரப்பைக் குழியில் ஆயிரக்கணக்கிலும் இன்னொன்றைப் பின்னத்திலும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; அளவுகளை ஒத்த வீச்சுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகும்.

மல்டிலெவல் மாடல் கற்பிக்கும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் லெம்மா (LEMMA) இணையப் பாடம் இலவசம். பதிவு செய்து அடிப்படையிலிருந்து படியுங்கள். ஐசிசி 0.05 என்று சின்னதாக வந்தாலும் ஊர் மட்டத்தை எடுத்துவிடாதீர்கள். ஊருக்கு 20 பேர் என்னும்போது அதற்கே பெருக்கம் 1.95, 480 பேர் பாதியாகிவிடுவார்கள்.