ஒரே கவுன்டி, மூன்று கவுன்சில்கள்: லிங்கன்ஷையர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லிங்கன்ஷையரின் பழைய வரைபடம் ஒன்றைச் சென்ற வாரம் இங்கே பகிர்ந்திருந்தேன். பழைய எல்லைகளின்படி யார்க்ஷையருக்கு அடுத்த பெரிய கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அது, பெரும்பகுதி வயல்வெளி. வந்த கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வரைபடத்தில் லிண்ட்சி, கெஸ்டவென், ஹாலந்து என்று மூன்று நிறங்கள் இருக்கின்றனவே, இவை மூன்று கவுன்டிகளா?

இல்லை என்றும் சொல்லலாம், ஆம் என்றும் சொல்லலாம். கவுன்டி ஒன்றுதான். அதன் மூன்று கூறுகளுக்கு ‘பார்ட்ஸ்’ என்று பெயர். வடக்கே லிண்ட்சி, தென்மேற்கே கெஸ்டவென், தென்கிழக்கே ஹாலந்து. லிண்ட்சி ஒரு காலத்தில் தனி ஆங்கிலோ-சாக்சன் அரசாகவே இருந்தது. கெஸ்டவென் என்ற பெயரின் முன்பாதி காட்டைக் குறிக்கும் பழைய பிரித்தானியச் சொல். பின்பாதி கூட்டத்தைக் குறிக்கும் வைக்கிங் சொல்.

மூன்றுக்கும் தனித்தனி நீதி அமர்வுகள் நடந்து வந்தன. அதனால் 1888 சட்டம் கவுன்டிகளுக்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் வேண்டும் என்றபோது, 1889இல் இங்கே ஒன்றுக்குப் பதில் மூன்று கவுன்சில்கள் பிறந்தன. கெஸ்டவெனுக்குத் தலைமையிடம் ஸ்லீஃபர்ட், ஹாலந்துக்கு பாஸ்டன், லிண்ட்சிக்கு லிங்கன். வேடிக்கை என்னவென்றால், லிங்கன் நகரம் லிண்ட்சி கவுன்சிலின் ஆளுகையில் இல்லை. 1409இலேயே தனிக் கவுன்டி என்ற தகுதி பெற்ற நகரம் அது. 1889இலும் தனியாகவே நின்றது. தன் அதிகாரம் செல்லாத ஊரில் அலுவலகம் வைத்துக்கொண்டு லிண்ட்சி கவுன்சில் 85 ஆண்டுகள் காலம் தள்ளியது.

கேள்வி: ஹாலந்து என்ற பெயர் டச்சுக்காரர்கள் வந்து குடியேறியதால் வந்ததா?

இல்லை. சதுப்பை வடிக்க 17ஆம் நூற்றாண்டில் வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளர் லிண்ட்சியின் மேற்கு ஓரத்தில் உள்ள ஆக்ஸ்ஹோமுக்கு வந்தது உண்மை. ஆனால் ஹாலந்து என்ற பெயர் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. மேட்டு முனைகள் உள்ள நிலம் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். நெதர்லாந்தின் ஹாலந்து மரங்கள் அடர்ந்த நிலத்தைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வந்தது. பாஸ்டன் பக்கம் போனவர்கள் ‘மேடா, எங்கே?’ என்று கேட்பார்கள். தட்டை நிலத்தில் ஓர் ஆள் உயர மேடும் மேடுதான்.

கேள்வி: லிண்ட்சிக்குள் வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று ‘ரைடிங்’ இருக்கின்றன. கிழக்கு எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, முதலிலிருந்தே இல்லை. யார்க்ஷையரில் வடக்கு, கிழக்கு, மேற்கு உண்டு, தெற்கு இல்லை. ரைடிங் என்பதற்குக் குதிரைச் சவாரியோடு சம்பந்தமே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு என்ற பொருளுடைய, வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்ஸின் சொல் அது. எனவே நான்காவது இருக்கவே முடியாது.

சொல் எப்படி உருமாறியது என்பது புணர்ச்சி விதி படித்தவர்களுக்குப் பிடிக்கும். மூலச் சொல் ‘த்ரைடிங்’ போல ஒலித்தது. ‘நார்த்’ என்பதோடு அது சேரும்போது நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் ஒரே ஒலி. ‘வெஸ்ட்’ என்பதோடு சேரும்போதும் ஏறக்குறைய அதே நிலை. இரண்டில் ஒன்று கெட்டு, மிஞ்சியது ரைடிங்.

கேள்வி: வேப்பன்டேக் என்றால் என்ன? ஆயுதக் கிடங்கா?

நீங்கள் கிண்டலாகக் கேட்டிருந்தாலும் சொல்லில் ஆயுதம் இருக்கிறது. ஆயுதம் எடுத்தல் என்பதே அதன் பொருள். திறந்தவெளிக் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு இசைவு தெரிவிக்கக் கூடியிருப்பவர்கள் ஆயுதங்களை உயர்த்திக் காட்டும் வழக்கத்திலிருந்து வந்தது என்று விளக்குவார்கள். டேனியர்கள் குடியேறி ஆண்ட பகுதிகளில் இது வழங்கியது. தெற்கிலும் மேற்கிலும் இதே படிநிலையில் இருந்த பிரிவுக்கு ‘ஹண்ட்ரட்’ என்று பெயர்.

பல ஊர்களை உள்ளடக்கிய பிரிவு வேப்பன்டேக். வழக்கு விசாரணை, வரி வசூல், படைக்கு ஆள் திரட்டுதல், திருடனைத் துரத்துதல் எல்லாம் அதன் வேலை. 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டப்படி, வட்டாரத்தில் கொள்ளை நடந்து ஆளைப் பிடித்துக் கொடுக்கவில்லை என்றால் வட்டாரமே நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது பெயர்கள்தான். அஸ்லாக்கோ, ராக்கோ என்று ‘ஓ’வில் முடிபவற்றைப் பாருங்கள். அந்த ஓ, மண்மேடு என்ற நோர்ஸ் சொல்லின் தேய்ந்த மிச்சம். அஸ்லாக் என்பவனின் மேடு, ராகி என்பவனின் மேடு. ஊருக்குப் பொதுவான ஒரு மேட்டில் கூடினார்கள், மேட்டின் பெயரே வட்டாரத்துக்கும் ஆயிற்று. அந்த அஸ்லாக் யார், என்ன செய்தான் என்று ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது. பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டு வரிப் பதிவேடுகளில் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: ‘சோக்’ என்று சில இடங்களில் எழுதியிருக்கிறதே?

ஹார்ன்காஸ்டில், பாலிங்புரோக், கிரந்தம் ஆகியவை சோக்குகள். ஒரு பிரபுவின் அல்லது மாளிகையின் நீதி அதிகாரத்துக்கு உட்பட்ட நிலம் சோக். வேப்பன்டேக்கோடு சம வரிசையில் வைத்து எண்ணுவார்கள்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். ‘ஹண்ட்ரட்’ என்பதை ‘நூற்றூர்’ என்று எழுதலாமா?

தயவுசெய்து வேண்டாம், அம்மா. சொல் அழகாக இருக்கிறது, பொருள்தான் தவறு. நூறு என்பது ஊர்க்கணக்கு அல்ல, ‘ஹைட்’ என்ற நில அளவின் கணக்கு. அதுவும் பல இடங்களில் பெயரளவுக்குத்தான். லிங்கன்ஷையரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டூம்ஸ்டேயின் லிங்கன்ஷையர்ப் பகுதியில் ஹண்ட்ரட் என்று வருவது வேப்பன்டேக்குக்குள் அடங்கிய சிறு பிரிவு. 12 கருகேட் நிலம் கொண்டது. எட்டு எருதுகள் பூட்டிய ஏர் ஓர் ஆண்டில் உழக்கூடியது ஒரு கருகேட் என்பது கணக்கு. ஒரே சொல், பக்கத்துக் கவுன்டியில் வேறு அளவு. ஹண்ட்ரட் என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஒருவர் 1840களில் மிஸ்டர்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஊர் நாட்டிங்ஹாம்ஷையரில் இருக்கிறது. பிறப்புப் பதிவோ கெய்ன்ஸ்பரோ, லிங்கன்ஷையர் என்கிறது. எது பொய்?

இரண்டும் மெய். 1834 ஏழைகள் சட்டம், ஏழைகளைப் பராமரிக்க, பாரிஷ் எனப்படும் சிறு ஊர்ப் பிரிவுகளைச் சேர்த்து ‘யூனியன்’களை உருவாக்கியது. சந்தைக்கு எந்த ஊருக்குப் போகிறார்களோ அந்த ஊரை மையமாக வைத்தார்கள், கவுன்டி எல்லையைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மிஸ்டர்டன்காரர்களுக்கு ட்ரென்ட் ஆற்றின் அக்கரையில் இருந்த கெய்ன்ஸ்பரோதான் சந்தை. 1837 ஜூலை 1 முதல் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியபோது அதே யூனியன் எல்லைகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே மனிதர் பிறந்தது நாட்டிங்ஹாம்ஷையர், பதிவானது கெய்ன்ஸ்பரோ. தேடும்போது எந்த ஆண்டு, எந்த வேலைக்கான பிரிவு என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஹண்ட்ரட், வேப்பன்டேக் வரிசையில் இருக்கும். 1851 முதல் பதிவு மாவட்ட வரிசை. இது தெரியாமல் நான் ஒரு முழு விடுமுறையைத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: வேப்பன்டேக்குகளை எந்த ஆண்டு ஒழித்தார்கள்?

இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒழிக்கவே இல்லை. ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிக்கொண்டார்கள். ஏழைகள் பராமரிப்பு யூனியனுக்குப் போயிற்று. 1867இல் நீதிமன்ற வேலை போயிற்று. கலவரச் சேதத்துக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு 1886இல் காவல்துறை நிதிக்கு மாறியது. 1894 சட்டம் ஊரக மாவட்டங்களையும் பாரிஷ் கவுன்சில்களையும் கொண்டுவந்த பிறகு அவற்றுக்கு எந்த வேலையும் மிச்சமில்லை. ஓய்வுபெற்றவரைப் பணிநீக்கம் செய்ய யாரும் ஆணை எழுதுவதில்லை அல்லவா?

கேள்வி: ஸ்கன்தார்ப்பில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘ஹம்பர்சைட்’ என்று சொன்னால் கோபப்படுகிறார். ஏன்?

கோபத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1974இல் மூன்று பார்ட்ஸ் கவுன்சில்களையும் கலைத்து முதன்முறையாக ஒரே லிங்கன்ஷையர் கவுன்டி கவுன்சிலை அமைத்தார்கள். அதே கையோடு லிண்ட்சியின் வடபகுதியை வெட்டி, ஹம்பர் கழிமுகத்தின் அக்கரையில் இருந்த யார்க்ஷையர் நிலத்தோடு சேர்த்து ஹம்பர்சைட் என்ற புதுக் கவுன்டியை உண்டாக்கினார்கள். இரு கரைகளையும் இணைக்கும் பாலம் திறந்ததே 1981இல்தான். ஒட்டவில்லை, 1996 ஏப்ரல் 1 அன்று கலைத்தார்கள். உங்கள் ஊர் இப்போது வடக்கு லிங்கன்ஷையர் என்ற தனி நிர்வாகத்தில் இருக்கிறது, சம்பிரதாய அளவில் லிங்கன்ஷையரைச் சேர்ந்தது. காவல்துறைக்கு மட்டும் இன்னும் ஹம்பர்சைட் என்ற பெயர்தான். அதைப் பெரியவரிடம் நினைவுபடுத்த வேண்டாம்.

பழைய பெயர்கள் மாவட்டங்களில் தங்கிவிட்டன: கிழக்கு லிண்ட்சி, மேற்கு லிண்ட்சி, வடக்கு கெஸ்டவென், தெற்கு கெஸ்டவென், தெற்கு ஹாலந்து. கிரந்தமில் பிறந்த மார்கரெட் தாட்சர் 1992இல் பிரபுக்கள் அவைக்குப் போனபோது கெஸ்டவெனைத்தான் தன் பட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: ஒரு வேப்பன்டேக் கூடிய இடத்தை நேரில் பார்க்க முடியுமா?

கெஸ்டவெனில் ஹஃப்-ஆன்-தி-ஹில் என்ற ஊருக்கு அருகே லவ்டென் குன்று இருக்கிறது. லவ்டென் வேப்பன்டேக்குக்குப் பெயர் கொடுத்தது அதுதான். அங்கே தோண்டியபோது ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தாழிகள் ஏராளமாகக் கிடைத்தன, இறந்தவர்களை எரித்த சாம்பலோடு. ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்து பொறித்த தாழி ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குன்று என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வயல் நடுவே ஒரு புடைப்பு, அவ்வளவுதான். மழைக்காலத்தில் அந்தக் களிமண் காலணியை விடாது, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.