தறியோரம் படிக்கும் பையனும் விவாகரத்து வழக்கும்

கேள்வி: வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் எங்கள் விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகனுக்கு 9 வயது. பள்ளியில் டீச்சர் அடித்ததில் பயந்துபோய், போகவே மாட்டேன் என்றான். ஒன்றரை வருடமாக வீட்டில் நானே சொல்லித் தருகிறேன். என் அப்பா கைத்தறி நெசவாளி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கணக்கெல்லாம் போடுவான். அன்றைக்குச் சரி என்ற கணவர், இன்றைக்கு “பள்ளிக்கு அனுப்பவில்லை, பையனை என்னிடம் கொடுங்கள்” என்று மனு போட்டிருக்கிறார். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: பதறாதீர்கள் அம்மா. காப்பாளர் சட்டம் 1890-லிருந்தே இருக்கிறது. அதன்படி நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். வீட்டில் படிக்கிறான் என்பது அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் பக்கம் ஓர் ஓட்டை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லைதான். இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது. அன்று பள்ளிக்கு எழுத்தில் புகார் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்த நகலைத் தேடி எடுங்கள். பையனை ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்கு அதுதான் பதில்.

அப்புறம் அந்தத் தறி. ஒரு பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) எத்தனை லுங்கி, ஒரு லுங்கிக்கு எவ்வளவு நூல் என்று தாத்தாவோடு கணக்குப் போடும் பையன் வகுத்தலை மறக்கவே மாட்டான். எனக்கு அது பிடித்திருக்கிறது. கோர்ட்டில் அதே காட்சி “பையனைத் தறி வேலைக்கு வைத்திருக்கிறார்கள்” என்று மாறிவிடும். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்றாலும், பள்ளி நேரம் போகத்தான், இல்லாவிட்டால் விடுமுறையில்தான். ஆபத்தான தொழிலாகவும் இருக்கக் கூடாது. பள்ளிக்கே போகாத பையனுக்கு எது பள்ளி நேரம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதனால் கணக்கு நோட்டில் இருக்கட்டும். பையன் கை தறியில் வேண்டாம். தினமும் தேதி போட்டு நோட்டு எழுத வையுங்கள். பழைய நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கணவர் அன்று வாட்ஸ்அப்பில் சம்மதம் சொல்லியிருந்தால் அழிக்காமல் வையுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம், அப்பா மனசு மாறுவது குற்றமில்லை. நான் கேட்க நினைப்பது வேறு: அவர் பார்க்க வரும் நாளில் “பாடம் இருக்கு” என்று தட்டிக் கழித்ததுண்டா? இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். நீதிபதிக்கு அது படிப்பாகத் தெரியாது, அப்பாவை ஒதுக்குவதாகத்தான் தெரியும். பையன் என்ன படிக்கிறான் என்று மாதம் ஒருமுறை நீங்களே அவருக்கு அனுப்புங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வருகிற ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்த்துவிடுங்கள். எந்தப் பள்ளி என்பதைக் கணவரிடமும் பையனிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பையன் இன்னும் தயாராகவில்லை என்றால், இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின் கீழ் அவன் படிப்பு பற்றி இடைக்கால உத்தரவு கேட்கலாம். உங்கள் கல்யாணம் அந்தச் சட்டத்தில் வருகிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அடுத்த வாய்தா வருவதற்குள் போய்விடுங்கள்.