ஒரே குவெரிக்குள் ஒரு சிடிஇ-யை இரண்டு மூன்று இடத்தில் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். சிடிஇ என்பது காமன் டேபிள் எக்ஸ்பிரஷன், அதாவது குவெரியின் தொடக்கத்தில் வித் என்ற சொல்லைப் போட்டுப் பெயர் வைக்கும் துணைக் குவெரி. பெயர் வைத்துவிட்டால் அந்தக் குவெரி முடியும்வரை எத்தனை ஜாயினிலும் அதை எடுக்கலாம். அடுத்த குவெரியில் அந்தப் பெயர் செல்லாது.

ஆனால் உங்கள் உண்மையான கவலை வேகம் என்று நினைக்கிறேன். உங்கள் டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர் என்றே வைத்துக்கொள்கிறேன், நான் அடிபட்டது அங்கேதான்.

மாத விற்பனை அறிக்கை. பில் வரிகளைக் கடைவாரியாகக் கூட்ட ஒரு சிடிஇ எழுதி, இந்த மாதம், போன மாதம், போன வருடம் இதே மாதம் என்று அதையே 3 முறை எடுத்திருந்தேன். "சிடிஇ-யும் டெம்ப் டேபிள் (முடிவைத் தற்காலிகமாகச் சேமிக்கும் டேபிள்) மாதிரிதான், ஒரு தடவைதான் ஓடும்" என்று டீமில் ஒரு சீனியர் சொன்னதை நம்பினேன். டெஸ்டில் உடனே வந்தது. லைவில் 40 நிமிடம். இரவு 11 மணிக்கு எக்ஸிக்யூஷன் பிளானை (குவெரியை டேட்டாபேஸ் எந்தப் படிகளில் ஓட்டுகிறது என்று காட்டுவது) திறந்தால், அதே பில் டேபிளின் மேல் 3 ஸ்கேன், அதாவது டேபிளை 3 முறை படிக்கிறது! எடுக்கும் இடத்திலெல்லாம் சிடிஇ விரிந்து திரும்ப ஓடுகிறது. நம்பாதவர்கள் சிடிஇ-க்குள் நியூஐடி (ஓடும்போதெல்லாம் புது மதிப்பு தரும் ஃபங்ஷன்) போட்டு, யூனியன் ஆலில் (இரண்டு முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ப்பது) இரண்டு முறை எடுத்துப் பாருங்கள், இரண்டு வேறு மதிப்பு வரும்.

கூட்டலை ஒரு டெம்ப் டேபிளில் போட்டு, கடை, மாதம் இரண்டுக்கும் இன்டெக்ஸ் வைத்தேன். 6 நிமிடத்தில் முடிந்தது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அங்கே கதை வேறு என்று தெரியும். 2019-இல் வந்த 12-ஆம் வெர்ஷனுக்கு முன்பு சிடிஇ-யைத் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். இப்போது ஒரே முறை எடுத்தால் மெயின் குவெரியோடு சேர்த்துவிடும். பல முறை எடுத்தால் வழக்கமாக ஒரு தடவை கணக்கிட்டு வைக்கும். வேண்டாமென்றால் நாட் மெட்டீரியலைஸ்டு என்று நாமே எழுதலாம். மைஎஸ்கியூஎல் 8-உம் இப்படிக் கூட்டல் உள்ள சிடிஇ-யைப் பல முறை எடுத்தாலும் ஒரு தடவைதான் கணக்கிடும். சிடிஇ-யே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சின்ன டேபிளில் வித்தியாசமே தெரியாது, படிக்கவும் சுலபம்.

அந்த வருட அப்ரைசலில் இதைச் சொன்னபோது, "அது பழைய அறிக்கைதானே, புதிதாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஓடாததை ஓட வைப்பது வேலையே இல்லையா? இன்றுவரை ஆறவில்லை.

சரி, உங்கள் பிளானில் அதே டேபிள் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டு, எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன் என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.