கூடைப்பந்தை முதன்முதலாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்தச் சொற்களையும் எந்த அணிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியிருப்பதாகவும், வர்ணனையாளர்கள் சொல்வதில் பாதி விளங்கவில்லை என்றும், இத்தனை அணிகளில் எதைப் பின்தொடர்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொற்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை. ஆட்டத்தை இயக்கும் ஒரு விதியை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டால், மற்ற சொற்கள் தாமாகவே பொருள்படத் தொடங்கும். ஷாட் கிளாக் எனப்படும் 24 வினாடிக் கடிகாரமே அந்த விதி.

1950 நவம்பரில் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி, அன்று அசைக்க முடியாததாக இருந்த மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. ஓர் அணி பந்தைக் கூடை நோக்கி எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்று அன்றைய விதிகள் அனுமதித்ததால்தான் இவ்வளவு குறைந்த புள்ளிகளில் ஓர் ஆட்டம் முடிந்தது. இந்தப் போக்கு தொடர்ந்தால் பார்வையாளர்கள் அரங்குக்கு வரமாட்டார்கள் என்று கவலைப்பட்ட சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன், விறுவிறுப்பான ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடையை நோக்கி எறிவதைக் கவனித்து, ஆட்டத்தின் 48 நிமிடங்களை, அதாவது 2,880 வினாடிகளை, அந்த எண்ணால் வகுத்தார். விடை 24. 1954இல் அந்த விதி நடைமுறைக்கு வந்தது. பந்தை வைத்திருக்கும் அணி 24 வினாடிகளுக்குள் எறிந்து, பந்து வளையத்தையாவது தொடச் செய்ய வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

அந்த 24 வினாடிகளில் நடப்பவற்றுக்கான பெயர்களே நீங்கள் கேட்கும் சொற்களில் பெரும்பாலானவை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது டிரிப்ளிங். தட்டாமல் அளவுக்கு மீறி அடியெடுத்து வைத்தால் டிராவலிங். தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்த பிறகு மீண்டும் தட்டத் தொடங்குவதும் குற்றமே. சக வீரருக்குப் பந்தை எறிந்து கொடுப்பது பாஸ். மேற்சொன்ன குற்றங்களாலோ தவறான பாஸாலோ பந்தை இழப்பது டர்ன்ஓவர். பந்து வைத்திருப்பவரைத் துரத்தும் தடுப்பாளரின் வழியில் சக வீரர் ஒருவர் அசையாமல் நின்று மறிப்பது ஸ்கிரீன். மறித்தவர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடிப் பாஸ் வாங்கினால் அது பிக் அண்ட் ரோல். ஓர் ஆட்டத்தில் பல முறை இதைக் காண்பீர்கள், ஆகவே முதலில் கண் பழக வேண்டியது இதற்குத்தான். கூடை விழக் காரணமான பாஸ் அசிஸ்ட். குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது ரீபவுண்ட்.

புள்ளிக் கணக்கு எளிது. கூடையைச் சுற்றி வரையப்பட்ட வளைகோட்டுக்கு உள்ளிருந்து எறிந்தால் 2 புள்ளிகள், வெளியிலிருந்து எறிந்தால் 3, எதிரணியின் ஃபவுலுக்காக, அதாவது விதிமீறி மோதுவது, பிடிப்பது போன்றவற்றுக்காகத் தடையின்றி எறியும் ஃப்ரீ த்ரோ ஒவ்வொன்றுக்கும் 1. என்பிஏவில் இந்த மூன்று புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில்தான் வந்தது. கூடையிலிருந்து கோட்டின் தூரம் 23 அடி 9 அங்குலமாக இருந்தாலும் களத்தின் இரு மூலைகளில் 22 அடி மட்டுமே என்பதால், எல்லா அணிகளும் மூலையில் ஒரு நல்ல எறிவாளரை நிறுத்தி வைக்க விரும்புகின்றன. ஒரு வீரர் ஆறு ஃபவுல்கள் செய்தால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்.

இவை ஒன்றுசேர்வதைப் பார்க்க 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் பாருங்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் கிளீவ்லாண்ட் கேவலியர்ஸும் 89-89 என்று சமநிலையில் இருக்கின்றன. வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவடாலா, எதிரணி நிலைகொள்வதற்குள் பாய்ந்து, கூடைக்கு மிக அருகிலிருந்து எறியும் லே-அப்பை எறிகிறார். பின்னாலிருந்து களத்தின் நீளத்தையே ஓடிக் கடந்து வந்த லெப்ரான் ஜேம்ஸ், காற்றில் எழும்பி அந்தப் பந்தைக் கூடைக்குப் பின்னுள்ள பலகையோடு சேர்த்து அடிக்கிறார். இது பிளாக். பந்து ஏற்கெனவே பலகையைத் தொட்டிருந்தால் அதே செயல் கோல்டெண்டிங் என்ற குற்றமாகி வாரியர்ஸுக்கு 2 புள்ளிகள் போயிருக்கும். நொடியின் மிகச் சிறு பகுதிதான் இரண்டுக்கும் இடையில் இருந்தது. 53 வினாடிகள் மீதமிருக்கையில், தன்னை மறித்து நின்ற ஸ்டீபன் கரியின் தலைக்கு மேலாகக் கைரி இர்விங் மூன்று புள்ளி எறிந்தார். பின்னர் ஜேம்ஸ் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட, ஆட்டம் 93-89 என்று முடிந்தது. ஆட்டக் கணக்கில் 1-3 என்று பின்தங்கியிருந்த அணி இறுதித் தொடரை வென்றது அதுவே முதல் முறை. அன்று ஜேம்ஸ் எடுத்தவை 27 புள்ளிகள், 11 ரீபவுண்டுகள், 11 அசிஸ்டுகள். இப்படி மூன்று கணக்குகளில் இரட்டை இலக்கத்தைத் தொடுவதே ட்ரிபிள்-டபுள்.

அணிகளுக்கு வருவோம். என்பிஏவில் 30 அணிகள், கிழக்கில் 15, மேற்கில் 15. கனடாவிலுள்ள டொராண்டோ ராப்டர்ஸைத் தவிர மற்றவை அமெரிக்காவில் உள்ளவை. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். அதன் பின் வரும் பிளேஆஃப் சுற்றுகளில், ஏழு ஆட்டத் தொடரில் நான்கை முதலில் வெல்லும் அணி முன்னேறும். வரலாற்றில் இரண்டு பெயர்களைத் தவிர்க்கவே முடியாது: 2024இல் 18ஆவது பட்டத்தை வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ், 17 பட்டங்கள் பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். செல்டிக்ஸின் பில் ரஸல் 13 பருவங்களில் 11 பட்டங்களை வென்றவர். அணி விளையாட்டில் தடுப்பாட்டத்தின் மதிப்பை அவரைப் போல் நிலைநாட்டியவர் எவருமில்லை என்பது என் உறுதியான கருத்து. மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் 1990களில் ஆறு பட்டங்களையும், கரியின் வாரியர்ஸ் 2015 முதல் 2022 வரை நான்கு பட்டங்களையும் வென்றன. ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2025இல் இண்டியானா பேசர்ஸை ஏழு ஆட்டங்களில் வென்றது.

ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 2023இல் பட்டம் வென்ற டென்வர் நக்கெட்ஸை. அதன் சென்டரான செர்பியாவின் நிக்கோலா யோகிச் உயரத்துக்குத் தாவுபவர் அல்லர், வேகமாக ஓடுபவரும் அல்லர். பெரும்பாலான அணிகளில் சென்டர் என்பவர் கூடைக்கடியில் நிற்கும் உயரமான வீரர்; யோகிச்சோ அந்தப் பொறுப்பில் இருந்தபடியே முழு ஆட்டத்தையும் தம் பாஸ்களால் நடத்துகிறார். அவர் கையில் பந்து இருக்கும்போது பந்தைப் பார்க்காமல் அவருடைய சக வீரர்கள் நால்வரும் எங்கே ஓடுகிறார்கள் என்று பாருங்கள். ஸ்கிரீன் எதற்கு, மூலையில் ஒருவர் ஏன் நிற்கிறார் என்பவை ஓரிரு ஆட்டங்களிலேயே விளங்கிவிடும். அமெரிக்காவில் மாலையில் நடக்கும் ஆட்டங்கள் இந்தியாவில் அதிகாலையிலும் காலையிலும் வருகின்றன. அந்த நேரம் ஒத்துவராதவர்கள் அங்கே ஞாயிறு பிற்பகலில் நடக்கும் ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம்; அவை நமக்கு ஞாயிறு இரவிலோ நள்ளிரவை ஒட்டியோ கிடைக்கும்.