லேசர் லாக் ஆடுதா? எந்த ஃப்ரீக்வென்சில ஆடுதுன்னு முதல்ல பாருங்க

கேள்வி: 780 நானோமீட்டர் டையோடு லேசரை ரூபிடியம் சேச்சுரேட்டட் அப்சார்ப்ஷன் லைன்ல (ரூபிடியம் அணு ஒளியை உறிஞ்சுற குறுகலான ஃப்ரீக்வென்சி) லாக் பண்றேன் சார், அதாவது லேசர் ஃப்ரீக்வென்சியை அங்கயே பிடிச்சு வைக்கிறேன், ஃபீட்பேக் கிரேட்டிங்கை நகர்த்துற பீசோவுக்கு (வோல்டேஜ் குடுத்தா நீளுற துண்டு) மட்டும்தான் போகுது. கெயினை ஏத்தினா எரர் சிக்னல் (லேசர் லைன்ல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு காட்டுறது) 3.2 கிலோஹெர்ட்ஸ்ல சைன் வேவ் மாதிரி ஆடுது. குறைச்சா ஆட்டம் நின்னுடுது, ஆனா டேபிள்ல யாராவது கை வச்சாலே லாக் விட்டுப்போகுது. என்ன பண்ணலாம்?

பதில்: அந்த 3.2ங்கிற நம்பரை எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு, நிறைய பேர் "ஆடுது சார்"னு மட்டும் எழுதுறாங்க. கெயினை கொஞ்சம் ஏத்தி இறக்கிப் பாருங்க. ஆட்டத்தோட ஃப்ரீக்வென்சி கூடவே நகர்ந்தா லூப்ல எங்கயோ டிலே ஃபேஸைத் தின்னுதுன்னு அர்த்தம், நகராம 3.2லயே நின்னா ஏதோ ஒரு ரெசனன்ஸ், அநேகமா பீசோவும் அது மேல இருக்கிற கிரேட்டிங்கும் சேர்ந்த ரெசனன்ஸ்தான். உறுதி பண்ணணும்னா லாக்கை ஆஃப் பண்ணிட்டு லேசரை லைன் நடுவுல நிறுத்தி பீசோவுக்கு சின்னதா ஒரு சைன் வேவ் குடுத்து ஃப்ரீக்வென்சியை மெதுவா ஏத்துங்க, 3.2 கிட்ட எரர் சிக்னல் திடீர்னு எகிறும்.

இப்ப கணக்குக்கு வருவோம். அந்த ரெசனன்ஸோட க்யூ, அதாவது அது எத்தனை மடங்கு தூக்கும்ங்கிற அளவு, 30னு வச்சுக்குங்க. வெறும் இன்டெக்ரேட்டர் (எரரைச் சேர்த்துக் கூட்டிக்கிட்டே போற ஃபீட்பேக்) மட்டும் இருந்தா லூப் கெயின் ஃப்ரீக்வென்சி ஏற ஏற குறைஞ்சுட்டே வரும், ஆனா 3.2ல வந்ததும் 30 மடங்கு தூக்கிவிடும், அங்க ஃபேஸும் இன்டெக்ரேட்டர் 90 ரெசனன்ஸ் 90னு சரியா 180 டிகிரி பின்தங்கிடுது, அப்ப ஃபீட்பேக் ஆட்டத்தை அடக்காம தள்ளிவிடும். அதனால யூனிட்டி கெயினை (லூப் கெயின் ஒண்ணா இறங்குற ஃப்ரீக்வென்சியை) 3200ஐ 30ஆல வகுத்த இடத்துக்கு, அதாவது சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வச்சாதான் லூப் அமைதியா இருக்கும். கை வச்சா லாக் போறதுக்குக் காரணமும் இதான், 100 ஹெர்ட்ஸ் லூப்பால அந்த அதிர்வைத் துரத்திப் பிடிக்க முடியாது. ப்ரொபோர்ஷனலை (எரர் அளவுக்கே நேரா குடுக்கிற ஃபீட்பேக்கை) ஏத்தி சமாளிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, பீசோ பக்கம் அது ரெசனன்ஸுக்குத் தீனி போடுற வேலை, சீரோல வைங்க.

பீசோவுக்கு சீரீஸ்ல ஒரு ரெசிஸ்டர் போடலாம். பீசோ 100 நானோஃபாரட்னா 16 கிலோஓம் போட்டா 100 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஆயிடும், 3.2 கிட்ட இன்னும் 30 மடங்கு அமுங்கும். ஆனா லாக்-இன் (லேசரை மாட்யுலேட் பண்ணி எரர் சிக்னலை எடுக்கிற கருவி) ஏற்கனவே 1 மில்லிசெகண்ட் டைம் கான்ஸ்டன்ட்ல இருந்தா அதுவே 160 ஹெர்ட்ஸ் ஃபில்டர்தான், ரெண்டையும் போட்டா ஃபேஸ் மிஞ்சாது. ஒரு ஃப்ரீக்வென்சியை மட்டும் வெட்டுற நாட்ச் ஃபில்டரும் வேலை செய்யும், ரெசனன்ஸ் கொஞ்சம் நகர்ந்தா திரும்ப ட்யூன் பண்ணணும், எனக்கு அது அவ்வளவா பிடிக்காது. என்னைக் கேட்டா டையோடு கரண்ட்டுக்கு ரெண்டாவதா ஒரு ஃபீட்பேக் குடுங்க, பீசோ மெதுவான டிரிஃப்டை மட்டும் பாத்துக்கட்டும். கரண்ட்டுல அசையுற பார்ட்டே கிடையாது, அதனால இந்தத் தொல்லையும் இல்ல. மாட்யுலேஷன் ஃப்ரீக்வென்சியை விட நல்லா கீழ அந்த லூப் இருக்கணும், அவ்வளவுதான்.

கேள்வி: கேவிட்டிக்கு (எதிரெதிர் கண்ணாடிகளுக்கு நடுவுல ஒளி ரெசனேட் ஆகுற இடம்) பிடிஹெச் லாக் (பவுண்ட்-ட்ரெவர்-ஹால், கேவிட்டில இருந்து திரும்புற ஒளியை வச்சு எரர் சிக்னல் எடுக்கிற முறை), ஏஓஎம் (கிரிஸ்டலுக்குள்ள சத்த அலை விட்டு ஒளியோட ஃப்ரீக்வென்சியை மாத்துற கருவி) வழியா ஃபீட்பேக். அலைன்மென்ட் சரி பண்ணி லைட் கூடினதும் 400 கிலோஹெர்ட்ஸ்ல ஆடுது. கெயின் நாபைத் தொடவே இல்ல!

பதில்: நீங்க தொடலை, லைட் தொட்டுடுச்சு. எரர் சிக்னலோட சரிவும் லூப் கெயின்ல ஒரு பங்குதானே, லைட் கூடினா அதுவும் செங்குத்தாகும். நாபை அதே அளவுக்குக் குறைச்சா இப்போதைக்கு நின்னுடும். 400லயே முட்டிக்கிறதுக்கு ஏஓஎம்தான் காரணமா இருக்கும். அதோட கிரிஸ்டலான டெல்லூரியம் டைஆக்சைடுல சத்தம் செகண்டுக்கு சுமார் 4.2 கிலோமீட்டர்தான் போகும், பீம் டிரான்ஸ்டியூசர்ல (சத்த அலையை உண்டாக்குற பகுதி) இருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தா கிட்டத்தட்ட அரை மைக்ரோசெகண்ட் டிலே, 400 கிலோஹெர்ட்ஸ்ல அது மட்டுமே 70 டிகிரி. கேபிளைக் குறைக்கிறதுல நேரத்தை வீணாக்காதீங்க, ஒரு மீட்டருக்கு வெறும் 5 நானோசெகண்ட்தான். ஏஓஎம்மை நகர்த்தி பீமை டிரான்ஸ்டியூசர் பக்கம் கொண்டு போங்க, டிஃப்ராக்ஷன் எஃபிஷியன்சி (உள்ள போற ஒளில எவ்வளவு திரும்பி நமக்கு வேண்டிய பீமா வருதுங்கிறது) விழ ஆரம்பிக்கிற வரைக்கும் போகலாம்.